கண்ணு செவந்ததுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எதுக்கு?

கல்லிடைக்காரி:
எங்க அண்ணனுக்கு வலது கண்ணு செவசெவன்னு கெடக்கு, வெளிச்சத்த பாத்தாலே கூசுதுங்காவ, மங்கலாவும் தெரியுதாம். மெட்ராஸ் ஐன்னு மெடிக்கல்ல சொட்டு வாங்கி ஊத்திட்டு திரிஞ்சாவ, ஒண்ணும் கேக்கல. பாளையங்கோட்டைல கண் டாக்டர்ட்ட போனா யுவைட்டிஸ்னு, அதாவது கண்ணுக்குள்ள அழற்சின்னு, ஸ்டீராய்டு சொட்டும் கண்ணு பாப்பாவ விரிக்குற சொட்டும் எழுதிருக்காவ. அதோட நெஞ்சு எக்ஸ்ரே, ரத்த டெஸ்ட், கைல டிபி ஊசின்னு ஒரு சீட்டு. முதுகு வலி உண்டா, வாய்ல புண்ணு வருமான்னு வேற கேட்டாவளாம். "கண்ணுக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம்ட்டி, துட்டு புடுங்க பாக்கான்"னு அண்ணன் டெஸ்டுக்கு போக மாட்டேங்காவ. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பேட்டை மாப்ள:
சம்பந்தம் இருக்குக்கா. எனக்கு காலைல எந்திரிச்சா இடுப்பு மரக்கட்டையா இருக்கும், நடந்தா சரியாயிரும், வீட்ல வாயுன்னு சொல்லி பூண்டா தின்ன வச்சாவ. கண்ணு செவந்து போனப்ப கண் டாக்டர் தான் எச்எல்ஏ பி27னு ஒரு மரபணு இருக்கான்னு பாக்குற ரத்த டெஸ்ட் எழுதுனாரு, பாசிட்டிவ், முதுகெலும்பு வாதம்னு அப்பதான் தெரிஞ்சிது. பி27 இருக்க எல்லாருக்கும் நோய் வராது, ஆனா வந்தா கண்ணும் அப்பப்ப கெளம்பும், இப்பல்லாம் லேசா கூசுனாலே ஓடிருவேன்.

கண் ஆஸ்பத்திரி வேலக்காரன்:
மெட்ராஸ் ஐன்னா பீளை தள்ளும். இதுல பீளை இருக்காது, உள்ளுக்குள்ள வலியும் கூச்சமும் தான். தாடைய வச்சி பாக்குற மெஷின்ல சன்னமா வெளிச்சம் விட்டா, தியேட்டர் புரொஜக்டர் வெளிச்சத்துல தூசி பறக்குற மாதிரி கண்ணுக்குள்ள செல்லு மிதக்குறது தெரியும், அத வச்சி தான் யுவைட்டிஸ்னு சொல்லுதோம். காரணம் டிபியா இருக்கலாம், அக்கி வைரஸ், வாதம், எலிக்காய்ச்சல்னு எதாவும் இருக்கலாம், நெறய பேருக்கு எல்லா டெஸ்டும் எடுத்தும் காரணமே கெடைக்காது, அதுவும் உண்மை தான். எக்ஸ்ரே எதுக்குன்னா, சொட்டுல கேக்காம ஸ்டீராய்டு மாத்திரைக்கு போவ வேண்டி வந்தா, உள்ள டிபி இருந்தா அது கெளம்பிரும்.

விரிக்குற சொட்ட நிறுத்திராதிய, நிறுத்துனா பாப்பாவ சுத்தி இருக்குற திரை பின்னால லென்ஸோட ஒட்டிக்கிடும், வலி கொறையுறதும் அதுல தான். ஸ்டீராய்டு சொட்டு பால் கலர்ல இருந்தா நல்லா குலுக்கி ஊத்தணும், இத யாரும் செய்ய மாட்டாங்க! செவப்பு போச்சேன்னு நீங்களா நிறுத்தப்புடாது, திரும்ப எகிறும், டாக்டர் சொல்லுற மாதிரி படிப்படியா தான் கொறைக்கணும். ரொம்ப நாள் ஊத்துனா கண் பிரஷர் ஏறலாம், புரை விழலாம், அதான் திரும்ப திரும்ப வர சொல்லுறது. அண்ணன் வயல் வேலையா?

கல்லிடைக்காரி:
ஆமாண்ணாச்சி, பிசான நெல்லு நடவுக்கு வயல் சேத்துல தான் நின்னாவ. நடவு முடிஞ்சி காய்ச்சல்ல கெடந்தாவ, கெண்டக்கால் ஒரே வலின்னாவ, மாத்திரைல கேட்டுச்சு. டாக்டர்ட்ட இத சொல்லல.

கண் ஆஸ்பத்திரி வேலக்காரன்:
மொதல்ல அத சொல்லுங்க. எலி மூத்திரம் கலந்த வயத்தண்ணில வர்ற காய்ச்சல் அப்படி தான் இருக்கும், அது போயி வாரக்கணக்கு மாசக்கணக்கு கழிச்சி கூட கண்ணுல வரும், அதுக்கு ரத்த டெஸ்ட் தனி. சீட்ட எடுத்துட்டு நாளைக்கே போங்க, விரிக்குற சொட்டு ஊத்திருக்கப்ப அண்ணன பைக் ஓட்ட விடாதிய, பஸ்ல கூட்டிட்டு போங்க.