4கே கல்யாண ஃபுட்டேஜ் பிரிவியூவில் திணறுகிறது: கார்டு மாற்றுவதா, பிராக்ஸி போடுவதா?

கெட்டிமேளம்:
வணக்கம் நண்பர்களே. கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். இந்த சீசனில் கேமராக்காரர் சோனி ஏ7 மார்க் 4-இல் எடுத்துத் தருகிறார். இரண்டு கேமரா, 4கே, 50 ஃபிரேம், எக்ஸ்ஏவிசி எச்எஸ் (சோனியின் எச்.265 வடிவம்), 10 பிட் 4:2:2 (நிறத் தகவல் எவ்வளவு பதிவாகிறது என்பதைக் காட்டும் எண்; 4:2:0 குறைவு, 4:4:4 முழுது), 200 எம்பிபிஎஸ். என் கணினி ரைசன் 5 5600, ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ராம், என்விஎம்இ எஸ்எஸ்டி. மென்பொருள் பிரீமியர் புரோ.

ஸ்பேஸ்பாரைத் தட்டினால் ஒலி ஓடுகிறது, படம் உறைந்து நிற்கிறது. தாலி கட்டும் இடத்தில் தவில் அடிக்குச் சரியாகக் கட் வைக்க வேண்டும். அட்சதை கையை விட்டுக் கிளம்பும் ஃபிரேமைப் பிடிக்கவே முடியவில்லை. பிளேபேக் ரெசல்யூஷனைக் கால் பங்காக்கிப் பார்த்தேன், பலனில்லை. அசெம்பிள் செய்து கொடுத்த கடையில் ஆர்டிஎக்ஸ் 4070 கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?

வேகம்64:
தயவுசெய்து 4070-க்குப் பணம் கட்டிவிடாதீர்கள். உங்கள் பிரச்சினை அதில் தீராது.

ஆர்டிஎக்ஸ் 3060 எச்.265-ஐ ஹார்டுவேரிலேயே டீகோட் செய்யும், அதாவது சுருக்கிய வீடியோவைப் படமாக விரிக்கும். ஆனால் 4:2:0, 4:4:4 இரண்டையும்தான் செய்யும். நடுவில் இருக்கும் 4:2:2-ஐச் செய்யாது. 40 வரிசைக் கார்டுகளும் அப்படியே. என்விடியாவில் 4:2:2 டீகோட் வந்தது 2025-இல் வெளியான 50 வரிசையில்தான். உங்கள் ரைசன் 5 5600-இல் உள்ளமைந்த கிராஃபிக்ஸும் கிடையாது. ஆகவே இரண்டு கேமராவின் சுமை முழுவதும் ஆறு கோர் சிபியூ தலையில் விழுகிறது.

நம்பிக்கை இல்லையென்றால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், ஜிபியூ என்று போய் வீடியோ டீகோட் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கிளிப்பை ஓட்டுங்கள். கோடு தரையிலேயே கிடந்து, சிபியூ நூறைத் தொட்டால் விஷயம் உறுதி.

வழி இருக்கிறது. இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் 4:2:2 10 பிட் எச்.265-ஐ ஹார்டுவேரில் டீகோட் செய்யும் (மாடல் எண்ணின் கடைசியில் எஃப் இருந்தால் வாங்காதீர்கள், அதில் கிராஃபிக்ஸ் இருக்காது). ரைசனை விட மனமில்லை என்றால், போர்டில் இரண்டாவது நீள ஸ்லாட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 3060-ஐ அப்படியே வைத்துக்கொண்டு இன்டெல் ஆர்க் ஏ380 என்ற இன்னொரு கிராஃபிக்ஸ் கார்டைப் பக்கத்தில் சொருகலாம். டீகோட் வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

கட்டிங்மேசை:
வேகம்64 நோயைச் சரியாகச் சொல்லிவிட்டு மருந்தை மாற்றி எழுதுகிறார். கேமரா கோடெக்கை (வீடியோவைச் சுருக்கும் முறை) அப்படியே டைம்லைனில் போட்டு வெட்டுவதே சிக்கல், அதற்கு எந்தக் கார்டும் நிரந்தரத் தீர்வு இல்லை.

இந்த எச்.265 கோப்புகளில் எல்லா ஃபிரேமும் முழுதாக இருக்காது. இடையிடையே ஒரு முழு ஃபிரேம். மற்றவை முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் வைத்திருக்கும். நீங்கள் ஒரு இடத்தில் பிளேஹெட்டை வைத்தால், மென்பொருள் முந்தைய முழு ஃபிரேமுக்குப் போய், அங்கிருந்து வரிசையாகக் கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். பின்னோக்கி இழுத்தால் இன்னும் மோசம். ரெசல்யூஷனைக் கால் பங்காக்கியும் பலன் இல்லாததற்குக் காரணமும் அதுதான்: முழு 4கே ஃபிரேமையும் டீகோட் செய்த பிறகே சிறிதாக்குகிறது.

ப்ரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற எடிட்டுக்கான கோடெக்குகளில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி. அதனால் பழைய மடிக்கணினியில்கூட ஜே, கே, எல் விசைகளைத் தட்டி முன்னும் பின்னும் ஓடலாம். எனவே பிராக்ஸி போடுங்கள், அதாவது அசலுக்குப் பதிலாக வெட்டுவதற்கு மட்டும் ஒரு இலகுவான நகல். புராஜெக்ட் பேனலில் எல்லாக் கிளிப்பையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக், பிராக்ஸி, கிரியேட் பிராக்ஸீஸ். 1080 அளவில் ப்ரோரெஸ் பிராக்ஸி. ராத்திரி ஓடவிட்டுப் படுங்கள். புரோகிராம் மானிட்டரில் டாகிள் பிராக்ஸீஸ் பொத்தானை இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். கலர் பார்க்கும்போது அணைத்தால் அசல் வந்துவிடும். எக்ஸ்போர்ட்டில் யூஸ் பிராக்ஸீஸ் டிக் இல்லாத வரை அசலிலிருந்துதான் எடுக்கும்.

வேகம்64:
"ராத்திரி ஓடவிட்டுப் படுங்கள்" என்று எழுதுவது சுலபம். பிராக்ஸி செய்யும்போதும் அதே 4:2:2 கோப்பைத்தானே டீகோட் செய்ய வேண்டும்? ஹார்டுவேர் உதவி இல்லாத கணினியில் பிராக்ஸி தயாரிப்பதும் மெதுவாகத்தான் நடக்கும். இதைச் சொல்லாமல் பிராக்ஸி போடச் சொல்வது புதிதாக வருபவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இடத்தையும் கணக்குப் போடுங்கள். 200 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 90 ஜிபி. 1080, 50 ஃபிரேம் ப்ரோரெஸ் பிராக்ஸி சுமார் 76 எம்பிபிஎஸ், அதாவது மணிக்கு 34 ஜிபி. இரண்டு கேமராவும் சேர்ந்து ஆறு மணி நேரம் என்றால் அசல் 540, பிராக்ஸி 204. இவர் எடிட் செய்வது சீசனில். ஒரே வாரத்தில் நாலு முகூர்த்தம் வந்தால் எஸ்எஸ்டி எங்கே தாங்கும்?

அப்புறம், காலையில் தாலி கட்டி மாலை வரவேற்பில் எல்இடி திரையில் ஹைலைட் போடச் சொல்லும் வீடுகள் இருக்கின்றன. அந்த வேலையில் மெமரி கார்டை காப்பி செய்த அடுத்த நிமிடம் வெட்ட ஆரம்பிக்க வேண்டும். அங்கே பிராக்ஸிக்கு நேரமே கிடையாது.

கட்டிங்மேசை:
அன்றைக்கே கொடுக்கும் வேலையில் நீங்கள் சொல்வது சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் எடிட்டரின் வருடத்தில் பெரும்பகுதி மூன்று மணி நேர முழு வீடியோதானே. அதில் மல்டிகேம் வைத்து நாள்கணக்கில் உட்காருகிறோம். ஒருமுறை பிராக்ஸி செய்ய ஆகும் நேரத்தை, ஒவ்வொரு கட்டிலும் அரை நொடி காத்திருக்கும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதோடு பிராக்ஸியை மட்டும் ஒரு சின்ன டிரைவில் போட்டு இன்னொரு எடிட்டரிடம் கொடுக்கலாம். அவரிடம் ஏ380 இருக்கிறதா என்று கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. டீகோட் சிக்கல் தீர்ந்தாலும் வார்ப் ஸ்டெபிலைசர் (ஆட்டத்தைக் குறைப்பது), இரைச்சல் நீக்கம் போன்றவற்றைப் போட்டால் மறுபடி திணறும். அதற்கு டீகோட் கார்டும் உதவாது. அந்தக் கிளிப்பை மட்டும் ரெண்டர் அண்ட் ரீபிளேஸ் (எஃபெக்டோடு புதிய கோப்பாக்கி மாற்றுவது) செய்துதான் ஆக வேண்டும்.

லினக்ஸ்காரன்:
சின்ன எச்சரிக்கை. கடுப்பில் லினக்ஸில் டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்புக்கு மாறிவிடலாம் என்று யாராவது நினைத்தால், அதில் எச்.264, எச்.265 திறக்காது. முதலிலேயே டிஎன்எக்ஸ்எச்ஆருக்கு மாற்றிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். கேடென்லைவ் என்ற இலவச எடிட்டரில் அந்தத் தடை இல்லை, பிராக்ஸி வசதியும் அதிலேயே இருக்கிறது.

நீலவானம்:
நான் கேமரா பிடிப்பவள், எடிட்டும் செய்கிறேன். அண்ணன்கள் இருவரும் மெமரி கார்டைக் கணினிக்குள் போட்ட பிறகு என்ன செய்வது என்றே பேசுகிறீர்கள். ஷூட்டிலேயே இதை முடித்துவிடலாம்.

அதே கேமராவில் அதே எக்ஸ்ஏவிசி எச்எஸ் 50 ஃபிரேமில் 10 பிட் 4:2:0, 150 எம்பிபிஎஸ் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை 3060 ஹார்டுவேரிலேயே டீகோட் செய்யும். ஒரு ரூபாய் செலவில்லை, பிராக்ஸியும் தேவையில்லை. 4:2:0 என்றதும் கலர் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். கல்யாண வீடியோவைப் பெரும்பாலும் 1080-இல்தான் கொடுக்கிறோம். 4கே 4:2:0-இல் நிறத் தகவல் மட்டுமே 1920க்கு 1080 இருக்கிறது. 1080-ஆகச் சிறிதாக்கும்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி நிறத் தகவல் கிடைத்துவிடும். அரக்குப் பட்டின் ஜரிகை ஓரத்தில் நிறம் கசிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தே சொல்கிறேன், 1080-இல் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பச்சைத் திரை வைத்து எடுப்பவர்களும், 4கேவாகவே கொடுத்து கலரை முறுக்குபவர்களும் 4:2:2 வைத்துக்கொள்ளட்டும்.

50 ஃபிரேம் தேவையில்லாத இடங்களில் எக்ஸ்ஏவிசி எஸ்-ஐ (XAVC S-I) என்ற வடிவம், 25 ஃபிரேம், 250 எம்பிபிஎஸ். அதில் ஒவ்வொரு ஃபிரேமும் தனி. 4:2:2-ஆக இருந்தாலும் சிபியூ அலட்டிக்கொள்ளாது. ஆனால் மணிக்கு 112 ஜிபிக்கு மேல் தின்னும்.

பிராக்ஸிதான் வேண்டும் என்றாலும் கேமராவே எடுத்துக் கொடுக்கும். மெனுவில் பிராக்ஸி ரெக்கார்டிங்கை ஆன் செய்தால், அசலோடு சேர்ந்து மெமரி கார்டின் சப் (SUB) ஃபோல்டரில் சின்னக் கோப்புகள் பதிவாகும். பெயரின் கடைசியில் எஸ்03 என்று இருக்கும். பிரீமியரில் கிரியேட்டுக்குப் பதில் அட்டாச் பிராக்ஸீஸ் கொடுங்கள், காத்திருக்கவே வேண்டாம். கார்டை காப்பி செய்கிற பையனிடம் மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். பெரிய கோப்புகள் இருக்கும் கிளிப் ஃபோல்டரை மட்டும் இழுத்துப் போட்டுவிட்டு கார்டை ஃபார்மட் செய்துவிடுவார்கள், பிராக்ஸி அதோடு போய்விடும்.

வேகம்64:
நீலவானம் சொல்வது அவர் எடுக்கும் கல்யாணத்துக்குப் பொருந்தும். வெளியிலிருந்து ஃபுட்டேஜ் வாங்கி எடிட் செய்பவர் கேமராக்காரரின் செட்டிங்கை எப்படிக் கட்டுப்படுத்துவார்? இந்த வாரம் ஒருவர் 4:2:0 தருவார், அடுத்த வாரம் இன்னொருவர் 4:2:2-ஐக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். எது வந்தாலும் திறக்கிற கணினி வேண்டும் என்பதே என் கட்சி.

நீலவானம்:
கட்டுப்படுத்த வேண்டாம், கேட்கலாமே. வேலை பேசும்போதே "இந்த செட்டிங்கில் எடுத்துக் கொடுங்கள்" என்று ஒரு வரி அனுப்பினால் போதும். ஃபிரேம் ரேட் என்ன என்று கேட்கிறோம், லாகில் (பிறகு கலர் சரிசெய்வதற்கான மங்கலான பதிவு) எடுக்கிறீர்களா என்று கேட்கிறோம். இதை மட்டும் ஏன் கேட்பதில்லை?

கெட்டிமேளம்:
எல்லாருக்கும் நன்றி. வேகம்64 அண்ணன் சொன்னபடி ஓட்டிப் பார்த்தேன். சோனி கிளிப்பில் வீடியோ டீகோட் கோடு அசையவே இல்லை, சிபியூ நூறில் நிற்கிறது. அதே டைம்லைனில் இருந்த டிரோன் கிளிப்பும் எச்.265 4கேதான், ஆனால் 4:2:0. அது வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, கோடும் மேலே ஏறுகிறது. ஆக கிராஃபிக்ஸ் கார்டில் குறையில்லை. 4070 வாங்கவில்லை.

கையில் இருக்கும் கல்யாணத்துக்குப் பிராக்ஸி ஓடிக்கொண்டிருக்கிறது. மெதுவாகத்தான் போகிறது, அதுவும் உண்மை. முடிந்த கிளிப்புகளில் தாலி கட்டும் காட்சியை வெட்டிவிட்டேன், தவில் அடிக்கு அட்சதை சரியாக விழுகிறது. அடுத்த முகூர்த்தத்துக்கு 4:2:0, 150-இல், பிராக்ஸி ரெக்கார்டிங்கோடு எடுக்கச் சொல்லி கேமராக்காரரிடம் பேசியாயிற்று. ஒத்துக்கொண்டார்.

வேகம்64:
நல்லது. ஆனாலும் ஏ380-ஐ மறந்துவிடாதீர்கள். வெளி ஃபுட்டேஜ் வரும் நாளில் தேவைப்படும்.

கட்டிங்மேசை:
அந்தப் பணத்தில் முதலில் இன்னொரு எஸ்எஸ்டி வாங்குங்கள் என்பேன். இந்த ஒன்றில் நானும் வேகம்64-உம் ஒத்துப்போக மாட்டோம் போலிருக்கிறது.

கேமரா பிராக்ஸியை அட்டாச் செய்யும் முன் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். அசலிலும் பிராக்ஸியிலும் ஆடியோ சேனல் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிரீமியர் ஏற்காது. நாதஸ்வரத்துக்குத் தனி மைக் போட்டு நான்கு சேனலில் எடுக்கும் திட்டம் இருந்தால், ஒரு கிளிப் எடுத்து முன்கூட்டியே சோதித்துவிடுங்கள்.