அக்ரோபோரா பவளத்தின் நுனி வெளுக்கிறது, டேங்கில் எதையும் மாற்றவில்லை

கேள்வி

250 லிட்டர் கடல்நீர் டேங்க், ஓடத் தொடங்கிப் பதினான்கு மாதம். பவளங்கள்: நான்கு அக்ரோபோரா, இரண்டு மோன்டிபோரா, கீழே மணலில் ஒரு யூஃபிலியா. போன மாதம் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. பத்து நாளாக அக்ரோபோராவின் கிளை நுனிகள் வெளுக்கின்றன. அடிப்பாகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பச்சை மங்கிவிட்டது. யூஃபிலியா மட்டும் எதுவுமே நடக்காததுபோல் ஆடிக்கொண்டிருக்கிறது.

உப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி, கால்சியம் 430, மெக்னீசியம் 1320. லைட்டைத் தொடவில்லை. கே.ஹெச். (தண்ணீரின் கார்பனேட் காரத்தன்மை) டோஸும் நாலு மாதமாக ஒரே அளவு. எதையும் மாற்றாதபோது எப்படிக் கெடும்?

பதில் 1

நுனி வெள்ளையாக இருந்தாலே கோளாறு என்று இல்லை. நன்றாக வளரும் அக்ரோபோராவின் நுனி வெளிறித்தான் இருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். வளரும் நுனி என்றால் வெள்ளையின் மேல் மெல்லிய தசை போர்த்தியிருக்கும். கருகிய நுனியில் தசை இருக்காது, எலும்பு சொரசொரப்பாகத் தெரியும், சில நாளில் அதில் பாசி பிடிக்கும்.

அப்புறம், டோஸை எழுதினீர்கள், கே.ஹெச். எவ்வளவு என்று எழுதவில்லையே? நைட்ரேட், பாஸ்பேட்?

பதில் 2

லைட் அதிகம். பாதியாகக் குறைத்துவிடுங்கள், சரியாகிவிடும்.

பதில் 1

அவசரப்படாதீர்கள். லைட் தாங்காமல் வெளுத்தால் விளக்கைப் பார்த்த மேல்பக்கம் முழுக்க வெளுக்கும், நிழல் விழும் பக்கம் தப்பிக்கும். இவருக்கு நுனி மட்டும். ஏற்கெனவே நொந்திருக்கும் பவளத்துக்கு ஒரே நாளில் பாதி வெளிச்சம் போனால் அது இன்னொரு அடி.

கேட்டவர்

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மூன்று கிளைகளில் நுனியிலிருந்து மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு வெறும் எலும்பு. ஒன்றில் பழுப்புப் பாசி தொடங்கிவிட்டது.

கே.ஹெச். 11.6. நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தேன், அதேதான். மூன்று வாரம் முன்பு குறித்து வைத்திருந்தது 8.2. நைட்ரேட் 0, பாஸ்பேட்டும் 0.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்ணாடியில் பாசி அதிகம் என்று மூன்று வாரம் முன்பு ஜி.எஃப்.ஓ. (பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகள்) ரியாக்டர் போட்டேன். அது டேங்கை மாற்றுவதாக எனக்குத் தோன்றவே இல்லை.

பதில் 3

வந்துவிட்டது விஷயம். பவளத்தின் தசைக்குள் இருக்கும் பாசிக்கும் தசைக்கும் நைட்ரேட், பாஸ்பேட் கொஞ்சமாவது வேண்டும். ஜி.எஃப்.ஓ. பாஸ்பேட்டைத் துடைத்து எடுத்திருக்கிறது. பவளம் பசியில் வளர்ச்சியைக் குறைத்திருக்கிறது. வளராத பவளம் கே.ஹெச்.சையும் சாப்பிடாது. நீங்கள் ஊற்றியது அதே அளவு, செலவாவது குறைந்துவிட்டது, மிச்சம் தினம் தினம் ஏறியிருக்கிறது. சத்து இல்லாத தண்ணீரில் கே.ஹெச். 11க்கு மேல் போனால் நுனி கருகுவதைப் பலரும் பார்த்திருக்கிறோம்.

கால்சியத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2.8 கே.ஹெச். செலவாகும்போது கால்சியம் 20 பி.பி.எம். அளவுக்குத்தான் இறங்கும். இரண்டும் சேர்ந்து ஏறினாலும் அதே கணக்கு. டெஸ்ட் கிட்டின் பிழைக்குள்ளேயே அது ஒளிந்துகொள்ளும். முதலில் காட்டிக்கொடுப்பது கே.ஹெச்.தான்.

டோஸை நிறுத்துங்கள், தானாக இறங்கட்டும். ஆசிட் ஊற்றி இறக்கும் வேலை வேண்டாம். ஜி.எஃப்.ஓ.வைப் பாதி இன்று எடுங்கள், மீதி அடுத்த வாரம். மீனுக்குக் கொஞ்சம் தாராளமாகத் தீனி போடுங்கள். நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05 பக்கம் வந்தால் போதும். பயத்தில் பாதித் தண்ணீரை மாற்றிவிடாதீர்கள். பவள டேங்குக்கான ரீஃப் உப்புகள் பலவும் தண்ணீரில் கலக்கினாலே கே.ஹெச். 11, 12 காட்டும்.

கேட்டவர்

தினமும் காலை ஒரே நேரத்தில் அளந்தேன். முதல் நான்கு நாள் ஒரு நாளைக்கு 0.2தான் இறங்கியது. முன்பு 0.5 செலவான டேங்க் இது! பயந்துபோய் மறுபடி டோஸ் போடலாமா என்றுகூட யோசித்தேன், போடவில்லை. பன்னிரண்டாம் நாள் 8.6. அன்றிலிருந்து நாளுக்கு 0.3 ஈடாகும்படி மட்டும் ஊற்றுகிறேன். நைட்ரேட் 4, பாஸ்பேட் 0.04.

கண்ணாடியில் பாசி திரும்ப வந்துவிட்டது, இரண்டு நாளுக்கு ஒரு தடவை சுரண்டுகிறேன்.

பாசி பிடித்த அந்த ஒரு நுனியை வெட்டிவிடலாமா?

பதில் 1

தசை இன்னும் பின்வாங்குகிறதா? இல்லையென்றால் விடுங்கள். பக்கத்திலிருந்து தசை ஏறி அந்த எலும்பை மூடிக்கொள்ளும். பின்வாங்கினால் நல்ல தசையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் சேர்த்து வெட்டுங்கள்.

கேட்டவர்

நேற்று பார்த்த இடத்திலேயே நிற்கிறது. விட்டுவைக்கிறேன்.