வயதின் கெழு ஏன் வலுவிழந்தது? சுற்றுச்சூழல் மனப்பான்மை ஆய்வில் ஓர் ஐயம்

கேட்பவர்: ஆய்வு மாணவி

வணக்கம். அமெரிக்கச் சமூகவியலாளர் டன்லப்பின் குழுவினர் 1978-இல் உருவாக்கி 2000-இல் திருத்தி வெளியிட்ட சுற்றுச்சூழல் மனப்பான்மை அளவுகோலின் 15 கூற்றுகளைத் தமிழாக்கி, பள்ளி மாணவர்களின் பெற்றோரிடமும் தாத்தா பாட்டியரிடமும் விடைகள் பெற்றிருக்கிறேன். மொத்த மதிப்பெண்ணைச் சார்ந்த மாறியாகவும், வயது, பாலினம், கல்வி, வருமானம், வசிப்பிடம் ஆகிய ஐந்தைச் சாரா மாறிகளாகவும் கொண்டு ரிக்ரஷன் (சாரா மாறிகள் ஒவ்வொன்றும் சார்ந்த மாறியை எவ்வளவு மாற்றுகிறது என்று ஒருசேர மதிப்பிடும் முறை) செய்தேன். தனியாகப் பார்க்கையில் வயதுக்கும் மனப்பான்மைக்கும் எதிர்மறை ஒட்டுறவு, அதாவது வயது கூடக்கூட மதிப்பெண் குறையும் போக்கு, தெளிவாகத் தெரிகிறது. ஐந்தையும் சேர்த்ததும் வயதின் கெழு (வயது ஓர் ஆண்டு கூடினால் மதிப்பெண் எவ்வளவு மாறும் என்று காட்டும் எண்) புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. மதிப்பெண் வேறுபாட்டில் எவ்வளவு பங்கை இந்த மாறிகள் விளக்குகின்றன என்று காட்டும் ஆர்-ஸ்கொயரும் குறைவாக இருக்கிறது. வயதை நீக்கிவிடலாமா?

மறுமொழி: புள்ளியியல் ஆசிரியர்

நீக்க வேண்டாம் அம்மா. ஒட்டுறவு மூத்தவர்களையும் இளையவர்களையும் உள்ளபடியே ஒப்பிடுகிறது. ரிக்ரஷனோ, கல்வியும் வருமானமும் வசிப்பிடமும் ஒத்த இருவருக்கிடையே வயது மட்டும் வேறுபட்டால் மதிப்பெண் எவ்வளவு மாறும் என்று கேட்கிறது. நம் ஊரில் தாத்தா தலைமுறையைவிடப் பெற்றோர் தலைமுறை கூடுதலாகப் படித்திருப்பதால், வயதின் கணக்கில் நீங்கள் கண்டதில் ஒரு பகுதி உண்மையில் கல்விக்கு உரியதாக இருக்கலாம். முதலில் வயதையும் பாலினத்தையும் மட்டும் இட்டு, அடுத்த படியில் கல்வியையும், அதன் பின் மற்றவற்றையும் சேர்த்துப் பாருங்கள். கல்வி நுழைந்த படியிலேயே வயதின் கெழு சுருங்கினால், அந்த அட்டவணையே உங்கள் ஆய்வேட்டின் முக்கியமான பக்கமாகும். மாறிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை, எண்களை மட்டும் பார்த்து மாறிகளைத் தானே சேர்த்தும் நீக்கியும் போகும் மென்பொருளின் ஸ்டெப்வைஸ் முறையிடம் விட்டுவிடாதீர்கள். அது நீங்கள் விடை பெற்ற குழுவின் தற்செயலான ஏற்ற இறக்கங்களுக்கு இசைந்துபோகும், உங்கள் கருதுகோளை அறியாது.

கல்வியை 1, 2, 3, 4 என்று குறித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். தொடக்கக் கல்விக்கும் உயர்நிலைக் கல்விக்கும் உள்ள இடைவெளி, மேல்நிலைக் கல்விக்கும் பட்டத்துக்கும் உள்ள இடைவெளிக்குச் சமம் என்று சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை. நான்கு நிலைகளுள் ஒன்றை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு, மற்ற மூன்றுக்கும் ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0 என்று குறிக்கும் மூன்று டம்மி மாறிகள் வேண்டும்; ஆகவே உங்கள் சாரா மாறிகள் ஏழாகின்றன. ரிக்ரஷனுக்கு எத்தனை பேர் தேவை என்று ஆய்வுமுறை அறிஞர் கிரீன் 1991-இல் தந்த விதியின்படி, எல்லா மாறிகளையும் ஒருசேரச் சோதிக்க 50 + 8 × 7, அதாவது 106 பேரும், தனித்தனிக் கெழுக்களைச் சோதிக்க 104 + 7, அதாவது 111 பேரும் குறைந்தது தேவை.

மறுமொழி: கள ஆய்வாளர்

ஆர்-ஸ்கொயர் குறைவதைக் கண்டு கலங்க வேண்டாம். டன்லப்பும் அவருடைய குழுவைச் சேர்ந்த வான் லியரும் 1980-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதே, வயது, கல்வி போன்ற பண்புகள் மனப்பான்மையைச் சிறிதளவே விளக்குகின்றன என்று கண்டார்கள். எனினும் அளவுகோலையும் ஒருமுறை சோதியுங்கள். இரட்டைப்படை எண்ணுள்ள 7 கூற்றுகள் எதிர்த்திசையில் அமைந்தவை; அவற்றை ஏற்பது சுற்றுச்சூழல் அக்கறை குறைவு என்று பொருள்படும். அவற்றின் மதிப்பெண்ணைத் திருப்பாமல் கூட்டினால் மொத்தத்துக்குப் பொருளே இல்லாமல் போகும். பூமியை விண்கலத்துக்கு ஒப்பிடும் 11-ஆம் கூற்றைத் தமிழில் படித்தவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று நான்கைந்து பேரிடமாவது நேரில் கேளுங்கள். அந்த உவமை விளங்காமல் நடுவிடையைக் குறித்தவர்கள் இருந்தால், அது மனப்பான்மையின் அளவு அன்று.

கேட்பவர்: ஆய்வு மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. தரவுக் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஏழில் 12, 14-ஆம் கூற்றுகளைத் திருப்பாமலே கூட்டியிருக்கிறேன். அவற்றைத் திருத்தி, கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபாவை மறுபடியும் கணக்கிட்ட பிறகே, நீங்கள் சொன்ன வரிசையில் மாறிகளைச் சேர்க்கும் ரிக்ரஷனைத் தொடங்குகிறேன். விண்கலக் கூற்றைப் பற்றிக் கேட்க, வரும் சனிக்கிழமை அந்தத் தாத்தா பாட்டியரிடமே மீண்டும் செல்கிறேன்.