பதில்: பாசிசத்துக்குக் ‘கொடுங்கோன்மை’ பொருந்துமா?

வணக்கம்.

பாசிசம் என்ற சொல்லுக்குத் தமிழில் ‘கொடுங்கோன்மை’ என்றும், இன்றைய தலைவர் ஒருவரை ஹிட்லரோடும் முசோலினியோடும் ஒப்பிடுவதற்குப் ‘பாசிசப் பழி’ என்றும் வைக்கலாம் என இந்த இழையில் முன்மொழிந்திருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம் என்பது என் கருத்து.

கொடுங்கோன்மை அருமையான சொல். குறளின் 56ஆம் அதிகாரத்துக்கே அதுதான் பெயர். ஆனால் அந்தச் சொல்லுக்குள் இருக்கும் கோல் அரசன் கையில் இருக்கிற ஒற்றைக் கோல். அது வளைந்தால் குடிகள் துன்பப்படுவார்கள். வளைத்ததில் அவர்களுக்குப் பங்கில்லை. பாசிசத்தின் வேர்ச்சொல்லான ‘ஃபாஷோ’வுக்கு இத்தாலிய மொழியில் கட்டு என்று பொருள். பழைய உரோமில் பல கோல்களைச் சேர்த்துக் கட்டி, கோடரி ஒன்றையும் செருகி, அதிகாரிகளுக்கு முன்னால் தூக்கிப்போவார்கள். முசோலினி சின்னமாக எடுத்துக்கொண்டது அதைத்தான். 1919இல் மிலான் நகரில் அவர் தொடங்கிய அமைப்பின் பெயரிலும் அந்தக் கட்டு இருக்கிறது. அவருடைய கருஞ்சட்டைப் படையும் ஆர்ப்பரிக்கிற கூட்டமும் இல்லாமல் அவர் இல்லை. ஹிட்லரும் முடிசூடி வந்தவரல்ல. 1932 தேர்தல்களில் அவருடைய கட்சிதான் ஜேர்மன் நாடாளுமன்றத்தின் மிகப் பெரிய கட்சி. ஒற்றைக் கோலைச் சொல்லும் சொல்லில் இந்தக் கூட்டம் காணாமல் போய்விடும். ஆகவே பாசிசம் பாசிசமாகவே இருக்கட்டும்.

சரி, ‘பழி’க்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் கொழும்பு வெள்ளவத்தையில் முடிவெட்டப் போயிருந்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்தவர், கன்னம் முழுக்கச் சவர நுரையோடு, “எங்கட நாட்டுக்கு ஒரு ஹிட்லர் வந்தாத்தான் சரி” என்றார். அவர் எவரையும் பழிக்கவில்லை. மனதார ஆசைப்பட்டார்! எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2018இல் இலங்கையின் முக்கிய பௌத்த பீடங்களில் ஒன்றான அஸ்கிரிய பீடத்து மூத்த பிக்கு ஒருவர், ஹிட்லராக மாறியாவது நாட்டைக் கட்டியெழுப்புங்கள் என்ற கருத்தில் கோட்டாபய ராஜபக்ஷவிடம் சொன்னதும், ஹிட்லர் எந்த அரசியல்வாதிக்கும் முன்மாதிரி அல்ல என்று ஜேர்மன் தூதுவர் பகிரங்கமாகச் சொல்ல வேண்டி வந்ததும் கொழும்பில் எல்லோருக்கும் நினைவிருக்கும். இங்கே இந்த ஒப்பீடு வசையாகவும் வரும், வாழ்த்தாகவும் வரும். ‘பழி’ என்று வைத்தால் பாதிதான் பிடிபடும்.

ஆய்வாளர்கள் செய்வது இன்னொரு வகை. பாசிசத்தை ஆராய்ந்த அமெரிக்க வரலாற்றாசிரியர் ராபர்ட் பாக்ஸ்டன், டிரம்பை அந்தப் பெயரால் அழைக்க நெடுநாள் மறுத்தவர். 2021 ஜனவரி 6ஆம் திகதி டிரம்பின் ஆதரவாளர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தைத் தாக்கிய பிறகுதான் மனம் மாறினார். அந்தக் காத்திருப்பையும் ‘பழி’ என்பது அநியாயம்.

ஆகவே பொதுச்சொல்லாகப் ‘பாசிச ஒப்புமை’. எதையும் எடைபோடாமல் ஆளை அடிக்க மட்டும் பயன்படுத்தினால் ‘பாசிச முத்திரை’. முத்திரை குத்துவது என்று ஏற்கெனவே பேச்சில் இருக்கிறது. அம்சம் அம்சமாகப் பார்ப்பதற்குப் ‘பாசிச ஒப்பாய்வு’. ஹிட்லரை வேண்டி நிற்கும் அந்த ஆசைக்குத்தான் இன்னும் சொல் அகப்படவில்லை. ‘ஹிட்லர் வேட்கை’ என்று எழுதிப் பார்த்தேன், வேட்கை கொஞ்சம் காதல் பக்கம் சாய்கிறது. உங்களுக்கு வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.