ஹன்ச்பேக்கின் பெரிய பீரங்கியைக் கழற்றிவிடலாமா?

செந்தூல் பையன்:
ராட்சத ரோபோக்கள் மோதும் பேட்டில்டெக் மேஜை ஆட்டம் ஆட ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. கையில் இருப்பது ஹன்ச்பேக் 4ஜி என்கிற மெக் (ரோபோ), 50 டன். தோள்மேல் இருக்கிற ஏசி-20 பீரங்கிக் குண்டு பட்டால் 20 சேதம், அது சரி. ஆனால் மொத்தமே பத்துக் குண்டு. போன ஞாயிறு பிரிக்ஃபீல்ட்ஸில் நண்பன் வீட்டில் ஆடினோம், எதிராளி காட்டுக்குள் புகுந்துகொண்டு பாதியை வீணடிக்க வைத்துவிட்டான். அதைக் கழற்றிவிட்டு இரண்டு பிபிசி (துகள் கற்றை ஆயுதம்) மாட்டினால் என்ன? 18 கட்டம் வரை எட்டுமே, குண்டும் தேவையில்லை.

ஜெலுத்தோங் அண்ணன்:
தம்பி, எடை இடிக்காது. பீரங்கி 14 டன், குண்டு 2 டன், ஆக 16 டன் காலி. பிபிசி ஒன்று 7 டன், இரண்டு போக மிச்சத்தில் இரண்டு ஹீட் சிங்க் (சூட்டை இறக்கும் கருவி) ஏறும். இருக்கிற 13 சேர்த்து 15. சரி, இப்போது சுட்டுப் பாருங்கள். ஒரு பிபிசிக்குச் சூடு 10. இரண்டையும் சுட்டு ஓடினால் 22, அதில் 15தான் இறங்கும், 7 நிற்கும். அடுத்த சுற்றிலும் அப்படியே செய்தால் 14. குறி பார்ப்பது கஷ்டமாகும், நடை இரண்டு கட்டம் குறையும், பகடையில் 4 அல்லது அதற்கு மேல் விழாவிட்டால் மெக் நின்றே போகும். இதில் ஏற்கனவே இருக்கிற இரண்டு மீடியம் லேசரைத் தொடவே இல்லை! நான் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஏர்கான் பார்க்கிறவன். எந்த மெஷினைக் காட்டினாலும் சூடு எந்த வழியாக வெளியே போகிறது என்றுதான் முதலில் கேட்பேன்.

நீங்கள் தேடுவது 4பி. புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம், ஆட்டத்திலேயே இருக்கிற வகை அது. அதே 16 டன்னில் ஆறு மீடியம் லேசர், பத்து ஹீட் சிங்க். மொத்தம் எட்டு மீடியம் லேசர், 23 சிங்க். லேசரும் பீரங்கியும் எட்டுவது ஒரே 9 கட்டம்தான், அதனால் தூரத்தில் நஷ்டமில்லை. அப்புறம் இன்னொன்று. ஒரு டன் ஏசி-20 குண்டு முழுசாக இருக்கும்போது அதில் கிரிட்டிகல் (உள் பாகத்தில் படும் அடி) விழுந்தால் 100 சேதம் உள்ளுக்குள்ளேயே வெடிக்கும். 4பியில் அந்தத் தலைவலி கிடையாது.

ஹெக்ஸ் ராணி:
அண்ணன் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். எந்த மெக்காக இருந்தாலும் தலைக்கு அதிகபட்சம் 9 கவசம், உள்ளே 3. ஏசி-20 தலையில் விழுந்தால் 100 டன் அட்லஸ் மெக்கும் காலி. லேசர் சேதம் ஐந்து ஐந்தாகச் சிதறும், தலையில் ஒன்று பட்டாலும் பைலட்டுக்குக் காயம், அவ்வளவுதான். 4ஜி பக்கத்துக் கட்டிடத்துக்குப் பின்னால் நின்றாலே என் கூட்டாளி வழியை மாற்றிக்கொள்வான். 4பியைப் பார்த்து யாரும் அப்படி ஒதுங்கியதில்லை. குறுகலான தெரு மேப் என்றால் நான் பீரங்கியைக் கழற்றவே மாட்டேன்.

செந்தூல் பையன்:
அப்படியானால் பொம்மையையும் அறுத்து ஒட்ட வேண்டுமா அண்ணே? இப்போதுதான் பெயின்ட் அடித்தேன்.

ஜெலுத்தோங் அண்ணன்:
கத்தியைக் கீழே வையுங்கள் தம்பி. மெக்கின் விவரத் தாளில் எழுதியிருப்பதுதான் கணக்கு. 4பி என்று ஆட்டத்துக்கு முன்னால் எதிராளியிடம் சொல்லிவிட்டால் போதும். ராணி சொல்வது நியாயம்தான், தெரு மேப்புக்கு 4ஜி, வெட்டவெளிக்கு 4பி என்று இரண்டு தாளும் வைத்துக்கொள்ளுங்கள். 4பியில் ஓடும்போது மட்டும் ஏழு மீடியம் லேசரோடு நிறுத்துங்கள். சூடு 21, ஓட்டத்துக்கு 2, சரியாக 23.