வீட்டு குரூப்: சரிவுக்கு ஒரு பூச்செடி

தக்கலை அக்கா, காலை 6.52
ராத்திரி பெய்த மழையில் வீட்டு முன்பக்கச் சரிவிலிருந்து சரல் மண் ரோடு வரை இறங்கிவிட்டது. போன வருஷம் வைத்த புல் ஒரு கோடைகூடத் தாங்கவில்லை. பூக்கிற மாதிரி, தரையோடு படர்கிற செடி ஏதாவது சொல்லுங்கள்.

குலசேகரம் மாமா, 7.05
ரோட்டோரம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்குமே மக்களே, அது எங்கள் விளையில் நிறைய நிற்கிறது. ஒரு சாக்கு பிடுங்கித் தருகிறேன். சீக்கிரம் மூடிவிடும்.

நாகர்கோவில் சித்தி, 7.11
அண்ணா, அது மட்டும் வேண்டாம். அது வெடேலியா. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இருக்கிற செடி. ஒரு கணு வாய்க்காலில் விழுந்தால் வயல் வரை போய் வேர் பிடிக்கும்.

குலசேகரம் மாமா, 7.14
சரிதான். விளையின் கீழ்ப்பக்கம் பொன்னாங்கண்ணி நின்ற இடத்தை இப்போது அதுதான் மூடிக் கிடக்கிறது.

நாகர்கோவில் சித்தி, 7.16
மக்களே, நீ ஊதா லண்டானா வை. இரண்டு அடிக்குள் நிற்கும், நாலு அடி படரும். நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது. உன் சரிவு அதற்கென்றே அமைந்த இடம்.

தக்கலை அக்கா, 7.18
உண்ணிச்செடியா சித்தி? காட்டையெல்லாம் கெடுத்தது அதுதானே?

நாகர்கோவில் சித்தி, 7.24
அதன் இனம்தான், ஆனால் வேறு செடி. உண்ணிச்செடி ஆள் உயரம் எழும்பும், முள் உண்டு. இதற்கு முள் இல்லை. ஆனாலும் விட்டுவிடக்கூடாது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பக்கம் இதுவும் களைதான். வேலி தாண்டுகிற கொடியை அப்போதே வெட்டிவிடு. வெட்டினால் உள்ளே அடர்த்தியும் கூடும்.

திருவட்டார் மைனி, 7.26
ஆடு கடித்தால்?

நாகர்கோவில் சித்தி, 7.29
நல்லவேளை கேட்டாய். உண்ணிச்செடி இலை ஆடு மாட்டின் ஈரலைக் கெடுக்கும். இதையும் நம்பவேண்டாம். பக்கத்து வீட்டு ஆடு வருமென்றால் முதலில் வேலி, அப்புறம் செடி.

தக்கலை அக்கா, 7.33
வேலி போட்டுவிடலாம். எப்போது நடுவது?

நாகர்கோவில் சித்தி, 7.40
இப்போதே. ஆனியில் நட்டால் ஐப்பசி மழைக்கு முன் வேர் இறங்கியிருக்கும். பூ இல்லாத இளங்கொம்பை ஒரு விரல் நீளம் வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒன்றரை அடிக்கு ஒன்றாக நடு. மேலும் கீழுமாக வரிசை பிடிக்காதே, அந்த வழியே மண் ஓடிவிடும். குறுக்கே மாற்றி மாற்றி நடு. வேர் பிடிக்கிற வரை இடையில் தேங்காய் உரித்த கதம்பையைக் கவிழ்த்துப் போடு.

குலசேகரம் மாமா, 7.42
கதம்பை நான் கொண்டுவருகிறேன். எத்தனை சாக்கு?

தக்கலை அக்கா, 7.43
நாலு போதும் மாமா. சித்தி, கொம்பு உங்கள் வீட்டில் இருக்கிறதா?

நாகர்கோவில் சித்தி, 7.45
சாயங்காலம் வெட்டி ஈரத்துணியில் சுற்றி வைக்கிறேன். நாளைக் காலை வந்து எடுத்துப் போ.