கத்திரி வெயிலில் மொட்டை மாடித் தேன்பெட்டி: வேலூர் மாடிகளில் கண்டது

வேலூரில் மாடியில் தேனீ வளர்ப்பவர்கள், பகுதிக்கு ஒருவராகச் சொல்வது இது.

சத்துவாச்சாரி, மூன்றாம் மாடி

வேலூர் மாடியில் தேன்பெட்டியைக் காலி பண்ணுவது பெரும்பாலும் நோயும் இல்லை, குளவியும் இல்லை, வெயில்தான். முட்டையும் புழுவும் வளரும் மெழுகுக் கூட்டுக்கு, அதாவது குஞ்சு அடைக்கு, 33 முதல் 35 டிகிரி வேண்டும். மே மாதம் வெளியிலேயே 40ஐத் தாண்டுகிறது. கான்கிரீட் தளம் அதற்கும் மேலே கொதித்து, ராத்திரி பத்து மணிக்கும் சூட்டைக் கக்குகிறது. பெட்டியைத் தரையில் வைக்கவே கூடாது. இரும்பு ஸ்டாண்ட், குறைந்தது இரண்டரை அடி உயரம். தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே வைத்தால் காலை வெயில் விழும், மதியத்துக்கு மேல் நிழல் வந்துவிடும். வாசலும் கிழக்கு பார்த்து.

மூடியில் தகரம் அடித்த பெட்டி மழைக்குச் சரி, கத்திரிக்குச் சரிப்படாது. மேலே தென்னங்கீற்று இரண்டு அடுக்கு போட்டு, அதன்மேல் கல் வையுங்கள். கோடை மழைக்கு முன்னால் ஒரு காற்று அடிக்குமே, அதற்குக் கல் மட்டும் போதாது. பெட்டியை ஸ்டாண்டோடு கயிறு போட்டுக் கட்டிவிட வேண்டும்.

மதியம் இரண்டு மணிக்கு வாசல் பலகையைக் கவனித்தால் உள்ளே நடப்பது தெரியும். பெட்டியில் வளர்க்கும் நம் நாட்டு அடுக்குத் தேனீ தலையை வெளியே பார்த்து, வாலை வாசல் பக்கம் வைத்துச் சிறகடிக்கும். வெளிக்காற்று உள்ளே போகும். (இத்தாலியத் தேனீ நேர் எதிர்: தலை உள்ளே, வால் வெளியே.) பத்துப் பதினைந்து தேனீ விசிறினால் கவலையில்லை. முகப்பில் கொத்தாகத் தொங்கினால் உள்ளே சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். ஆனால் அந்த நேரத்தில் பெட்டியைத் திறக்காதீர்கள். புது அடையின் மெழுகு இளகியிருக்கும். அடை தொங்கும் மரச்சட்டத்தைத் தூக்கினால் தேன் கனத்தில் அடை அறுந்து விழும். ராணி அதில் சிக்கினால் கதை முடிந்தது. கோடையில் பார்வையிடுவதெல்லாம் காலை எட்டு மணிக்குள்.

காட்பாடி

சத்துவாச்சாரி அண்ணா நிழலைச் சொல்லிவிட்டார், நான் தண்ணீரைச் சொல்கிறேன். பெட்டி மாடிக்கு வருவதற்கு முன்பே தண்ணீர் வைத்துவிடுங்கள். அகல மண்தட்டு, கூழாங்கல் தலை வெளியே தெரியும் அளவுக்குத் தண்ணீர், பெட்டியிலிருந்து பத்து அடி தள்ளி. ஒருநாள் கூடக் காயக் கூடாது. பக்கத்து வீட்டு பக்கெட்டுக்குப் போய்ப் பழகிவிட்டால் திருப்புவது பெரும்பாடு. சண்டை முக்கால்வாசி அங்கேதான் ஆரம்பிக்கும். மீதி கால்வாசி துணியால்: பறக்கும்போதே கழிக்கும் பூச்சி இது, வெள்ளை வேட்டியில் மஞ்சள் புள்ளி விழும். வாசலுக்கு நேரே துணிக்கொடி கட்டாதீர்கள்.

எறும்புக்கு ஸ்டாண்ட் காலடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது வழக்கம். மே மாதம் அது ஒரே நாளில் வற்றிவிடும். எண்ணெய் ஊற்றினால் தேனீ விழுந்து சாகும். ஸ்டாண்டின் காலைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு கிரீஸ் தடவுவது மேல். தூசி படிந்தால் துடைத்துவிட்டு மறுபடி தடவ வேண்டும். ஒரு செடிக் கிளையோ கேபிள் ஒயரோ பெட்டியைத் தொட்டால் போதும், எறும்புக்கு அதுவே பாலம்.

கொசு மருந்துப் புகை வண்டி வரும் தெருவானால், அன்று இருட்டியதும் வாசலில் கம்பி வலை வைத்து, புகை அடங்கியதும் எடுத்துவிடுங்கள்.

தொரப்பாடி

அடுக்குத் தேனீ சொல்லாமல் ஓடும் என்பார்கள். சொல்லிவிட்டுத்தான் ஓடும், நாம் பார்ப்பதில்லை. புது முட்டை இருக்காது, சேமித்த தேன் குறைந்துகொண்டே வரும், வரும் தேனீக்களின் காலில் மகரந்தம் இருக்காது. இந்த மூன்றும் சேர்ந்தால் சில நாளில் பெட்டி காலி.

புங்கனும் வேம்பும் ஓய்ந்து, புளியும் முடிந்த பிறகு வரும் வறட்சியில் சர்க்கரைப் பாகு கொடுங்கள். 200 கிராம் சர்க்கரைக்கு அதே எடை தண்ணீர், கொதிக்க வைத்து ஆறவிட்டு, வாரம் ஒருமுறை, பொழுது சாய்ந்த பிறகு, பெட்டிக்குள்ளேயே. ஒரு சொட்டு வெளியே சிந்தினாலும் வேறு கூட்டத் தேனீ கொள்ளையடிக்க வரும். வெல்லம் வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும். தேனறையில் (தேன் சேரும் மேல் அடுக்கில்) தேன் ஏறும் காலத்தில் பாகு கொடுத்தால் பாட்டிலில் நீங்கள் அடைப்பது சர்க்கரைதான்.

ஓடுவதைத் தடுக்க வாசலில் ராணித் தடுப்பு (வேலைக்காரத் தேனீ மட்டும் நுழையும் துளைத் தகடு) போடச் சொல்வார்கள். நாலைந்து நாளைக்குச் சரி. ஆண் தேனீ மாட்டிக்கொள்ளும், மகரந்தமும் உதிரும். புது ராணி உள்ள பெட்டிக்கு வேண்டவே வேண்டாம், இணை சேர வெளியே போக முடியாது.

வாரம் ஒருமுறை அடிப்பலகையைச் சுரண்டுங்கள். மெழுகுப் பூச்சி முதலில் அங்கே, உதிர்ந்து கிடக்கும் மெழுகுத் தூளில்தான் வளரும். ஏழு சட்டத்தில் நான்கைத்தான் தேனீ மூடியிருக்கிறது என்றால் மீதி அடைகளை எடுத்துவிட்டுத் தடுப்புப் பலகை போடுங்கள். காவல் இல்லாத அடை பூச்சிக்குத்தான். புழு அறைக்குள் நிமிர்ந்து செத்து, ஊசியால் எடுத்தால் நீர் நிறைந்த பைபோல வந்தால் அது தாய்லாந்துப் பைப்புழு நோய். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியப் பெட்டிகளை வாரிக்கொண்டு போனது இதுதான். மருந்து கிடையாது. அந்தச் சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள்.

பாகாயம்

பல்லுயிர் என்று சொல்லி ஒரே மாடியில் பத்துப் பெட்டி அடுக்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. சுற்றி இருக்கும் பூ அவ்வளவுதான். அடுக்குத் தேனீ ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்குள் மேய்வது. அதே பூவை நம்பித்தான் கொம்புத் தேனீயும் கொசுத் தேனீயும் இருக்கின்றன. இரண்டு பெட்டி போதும். வருஷத்துக்கு மூன்று நான்கு கிலோ தேன் வந்தாலே மாடிக்கு நல்ல கணக்கு.

பெட்டித் தேனீயால் எல்லாப் பூவுக்கும் ஆகாது. ஒரு உதாரணம்: நம் வேலூர் முள்ளு கத்திரி புவிசார் குறியீடு வாங்கிய காய். அதன் பூவில் மகரந்தப் பை நுனியில் சின்னத் துளைதான் இருக்கும். பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் மகரந்தம் நன்றாகக் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கருவண்டுக்கும் (வண்டு என்றாலும் இதுவும் தேனீதான்), வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீக்கும் தெரியும். அவை கூட்டமாக வாழ்வதில்லை, பெட்டியும் கேட்பதில்லை. கருவண்டு காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் துளைத்து முட்டையிடும். நீலப்பட்டைக்காரி மண்ணில் வளை தோண்டும்.

அதனால் மூன்றாவது பெட்டிக்கு வைத்த காசில் துளசி, பவழக்கொடி, முருங்கை என்று தொட்டி வையுங்கள். ஒரு மூலையில் காய்ந்த மூங்கில் துண்டுகளைக் கட்டி மழை படாமல் தொங்கவிடுங்கள். ஒரு தொட்டியில் மட்டும் எதுவும் நடாமல், களிமண் கலந்த மண்ணை இறுக்கி நிரப்பி, தண்ணீர் ஊற்றாமல் விட்டுவிடுங்கள்.